போனில பக்கம் பிதுங்குது, ஒருக்கா உதவுங்கோ

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நான் திருகோணமலை. எச்டிஎம்எல் (வெப் பக்கம் எழுதிற மொழி) படிக்கத் தொடங்கி ரெண்டு மாசம். நிலாவெளியில இருந்து மாமா புறாத்தீவுக்கு ஓட்டுற போட்டுக்கு ஒரு வெப் பக்கம் செய்து குடுத்தன். லப்டொப்பில வடிவாத்தான் இருந்தது. மாமா தன்ர போனில திறந்துபோட்டு, "என்னடா, எழுத்தெல்லாம் எறும்பு மாதிரிக் கிடக்கு" எண்டார்.

வியூபோர்ட் மெட்டா டேக் (போன் திரையின்ர அகலத்துக்கு ஏத்த மாதிரிப் பக்கத்தைக் காட்டச் சொல்லுற வரி) போடாததுதான் காரணம் எண்டு பிறகு பிடிச்சன். போட்டதும் எழுத்து பெருத்தது, ஆனா 1200 பிக்சல் அகலப் படம் திரைக்கு வெளியால போச்சு. மேக்ஸ்-விட்த் 100% (இருக்கிற பெட்டியை விட அகலமாப் போகாதே எண்ட கட்டளை) குடுக்க அதுவும் அடங்கிற்று.

அடங்காதது "திருகோணமலையிலிருந்து" எண்ட தலைப்புச் சொல். 360 பிக்சல் திரையில பெட்டியைக் கிழிச்சுக்கொண்டு நிக்குது. ஓவர்ஃப்ளோ-ராப் (இடம் காணாத நீளச் சொல்லை முறிச்சு அடுத்த வரிக்கு விடுறது) போட்டால் சொல் கண்ட இடத்தில முறியுது, பார்க்கச் சகிக்கேல்ல. கிளாம்ப் (திரைக்கு ஏத்தபடி மாறுற அளவை ரெண்டு எல்லைக்குள்ள வைக்கிறது) வைச்சு எழுத்தைக் குறைக்கிறதோ, வேற வழி இருக்கோ?

இன்னொண்டு. பக்கம் முழுக்க டிவ்வாலதான் (தனி அர்த்தமில்லாத வெறும் பெட்டி டேக்) கட்டி வைச்சிருக்கிறன் (சிரிக்காதேங்கோ). எழுத்துப் பெரிசா வரோணும் எண்டு எச்1 (முதன்மைத் தலைப்பு டேக்) மூண்டு தரம் போட்டிருக்கிறன். இப்ப ஹெடர், நாவ், மெயின் எண்டு, எந்தப் பகுதி எது எண்டு சொல்லுற டேக்குகளா மாத்துறன். பக்கத்தில இருக்கிற மூண்டு போட் பயணத்தையும் தனித்தனி ஆர்ட்டிக்கிளா (தனியா எடுத்தாலும் விளங்கிற பகுதி) வைக்கிறதோ, செக்ஷன் (பக்கத்தின்ர ஒரு பிரிவு) போதுமோ? கட்டண அட்டவணையை டேபிளாவே விடலாம்தானே?

கோட் வேணுமெண்டால் அனுப்புறன்.