கொங்குப் பையன் என்எஃப்எல் டிஃபெண்டர் ஆகும் தொடர்கதை: வயசு, படிநிலை, விதி எல்லாம் சரியா வரணும், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

நொய்யல்கரை:

வணக்கமுங்க. அமெரிக்கன் ஃபுட்பாலை வெச்சு ஒரு தொடர்கதை எழுதிட்டிருக்கறேன். நாயகன் கதிர்வேல், முழுக்கக் கற்பனைப் பாத்திரம். 2003 ஜனவரியில பெருந்துறைக்குப் பக்கத்துல ஒரு கிராமத்துல பொறக்கறான். அப்பா ஊர்க் கபடி டீம்ல ரைட் கார்னர். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிட்டிருந்தவரு, 2010-ல எச்-1பி விசாவுல டெக்சாஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவுக்குக் குடும்பத்தோட போறார். பையன் அங்க டிஃபெண்டரா வளர்ந்து அந்த ஊர் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் வரைக்கும் போகோணும்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதானுங்க. எந்த வயசுல எந்தப் படி? 12-வது முடிச்ச கையோட என்எஃப்எல் போக வழி இருக்குதா? உயரம் 5 அடி 10 அங்குலம்னு வெச்சிருக்கறேன், அதுக்கு எந்த இடத்துல நிறுத்தறது? அப்பாவோட கபடி அவனுக்கு நெசமாலுமே உதவுமா, இல்ல கதைக்காக ஒட்ட வெச்ச மாதிரி இருக்குமா? கடைசி அத்தியாயம் 2025 டிராஃப்ட், அதாவது என்எஃப்எல் டீமுக முறை வெச்சுப் புது ஆட்டக்காரங்களை எடுக்கற விழா, அந்த மேடையில முடியற மாதிரி யோசனை. நம்மூர்ல கபடி தெரிஞ்சவங்களும் நம்பணும், அங்கயே ஃபுட்பால் பாத்து வளர்ந்த பசங்களும் நம்பணும்.

பவானி_கூடுதுறை:

மொதல்ல வருஷக் கணக்கைப் போட்டு செவுத்துல ஒட்டி வெச்சுக்கோங்க. இந்த ஆட்டத்துல விதி அடிக்கடி மாறும், அதனால உங்க கதையில பாதித் திருப்பத்தை வருஷமே குடுத்துரும்.

2003 ஜனவரியில பொறந்தவன் டெக்சாஸ்ல 2020-21-ல 12-வது படிப்பான். நேரா என்எஃப்எல் போகவே முடியாதுங்க. ஹைஸ்கூல் முடிச்சு மூணு வருஷம் கழிஞ்சாத்தான் டிராஃப்டுக்குத் தகுதி. ஆக, சீக்கிரமாப் போனா 2024 ஏப்ரல், நாலு சீசன் காலேஜ்ல ஆடிட்டுப் போனா 2025 ஏப்ரல். உங்க கணக்குக்கு ரெண்டாவதுதான் பொருந்துது.

7 வயசுல ஊர் மாறிப் போனவனுக்கு ஒடனே ஹெல்மெட் மாட்டி விட்டுராதீங்க. ஃபிளாக் ஃபுட்பால்ல ஆரம்பிங்க. இடுப்பு பெல்ட்டுல துணிப்பட்டை தொங்கும், அதை உருவிட்டா டேக்கிள் பண்ணுன கணக்கு, அதாவது ஆளைப் பிடிச்சு விழுத்துன மாதிரி. பெரும்பாலும் பக்கத்துக்கு 5 பேர். பட்டையை உருவணும்னா கண்ணு எதிராளியோட இடுப்புலயே இருக்கோணும். டிஃபெண்டருக்கு மொதப் பாடமே அதுதான், கபடிக்காரர் மகனுக்கு அது வீட்டுப் பாடம். டெக்சாஸ்ல பள்ளிக்கூட டீம் 7-ம் வகுப்புல தொடங்குது. 9-ல ஃப்ரெஷ்மேன் டீம், அப்புறம் ஜூனியர் வார்சிட்டி, அதுக்கு மேல பள்ளியோட முதன்மை டீமான வார்சிட்டி. ஊரே கூடற வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டம் வார்சிட்டியோடது. 9-ம் வகுப்புப் பையனை அதுல இறக்கறது அபூர்வம், 10-ல ஏறுனாலே பெரிய விஷயம்.

நம்மூர் அப்பா-அம்மா பாத்திரங்களுக்குத் தீனி போடற விதி ஒண்ணு: 1984-ல வந்த சட்டப்படி டெக்சாஸ்ல ‘பாஸ் ஆனாத்தான் ஆட்டம்’. எதாவது பாடத்துல 70-க்குக் கீழ போனா ஆட்டத்துல இறங்க முடியாது, மூணு வாரம் கழிச்சு மார்க்கு தேறுனாத்தான் திரும்ப வரலாம். பயிற்சிக்கு வரத் தடையில்ல. அதனால அவன் தினமும் டீமோட ஓடிட்டு, வெள்ளிக்கிழமை கேலரியில உக்காந்திருப்பான். இன்னொண்ணு, சீசன் நடக்கறப்ப ஹைஸ்கூல் பையனுக்கு முழு மோதல் பயிற்சி வாரத்துக்கு 90 நிமிஷம்தான். தினமும் மூணு மணி நேரம் முட்டிக்கறாங்கன்னு எழுதுனா ஒரு பயலும் நம்பமாட்டான்.

இப்ப கொரோனாவுக்கு வாங்க. 2020-ல டெக்சாஸ் பெரிய பள்ளிகளோட சீசன் ஒரு மாசம் தள்ளிப் போய், இறுதி ஆட்டங்கள் 2021 ஜனவரியிலதான் நடந்துச்சு. அதை விடப் பெரிய அடி, 2020 மார்ச்சுல இருந்து 2021 மே கடைசி வரைக்கும் பெரிய காலேஜ் கோச்சுக யாரும் பையனை நேர்ல பாக்க வரக் கூடாதுன்னு தடை. அதோட, 2020-ல காலேஜ்ல ஆடுனவங்க எல்லாத்துக்கும் ஒரு வருஷம் கூடுதலாக் குடுத்துட்டாங்க. பழைய ஆளுக நகராததால, 2021-ல 12-வது முடிச்ச பசங்களுக்கு இடமே சுருங்கிப் போச்சு. திறமையிருந்தும் கதிர்வேலுக்கு ஸ்காலர்ஷிப் வரலேங்கறதுக்கு நீங்க வில்லனைத் தேட வேண்டியதில்ல. அவன் வீடியோ துண்டுகளை வெட்டி அனுப்பிட்டே இருப்பான், பதில் வராது. கடைசியில ‘வாக்-ஆன்’ ஆகச் சேரட்டும். அதாவது டீம்ல இடம் உண்டு, ஃபீஸ் சொந்தக் காசு. மொத வருஷம் 4 ஆட்டத்துக்கு மேல இறங்காம இருந்தா அந்த வருஷம் அவன் தகுதிக் கணக்குல கழியாது, இதுக்கு ரெட்ஷர்ட்னு பேரு. ரெண்டாவது, மூணாவது வருஷத்துல ஸ்காலர்ஷிப் வாங்கட்டும். அது அவனுக்கு டிராஃப்டை விடப் பெரிய நாள், அங்க நின்னு நிதானமா எழுதுங்க.

காலேஜ் முதல் டிவிஷன்ல ஆடணும்னா ஹைஸ்கூல்ல குறிச்ச 16 பாடம் முடிச்சு, அதுல 2.3 சராசரி வேணும். நம்ம வீட்டுப் பையனுக்கு அது சிக்கலா இருக்காது, ஒரு வரியில தாண்டிருங்க.

சென்னிமலை_கார்னர்:

ஆட்டத்தைப் பத்தி நான் சொல்றேனுங்க.

5 அடி 10-க்கு அவனை நிக்கல் கார்னரா நிறுத்துங்க. ஓரத்துல நின்னு, பந்து பிடிக்க ஓடற ரிசீவரைக் காக்கற கார்னர்பேக்குக்கு உயரமும் கை நீளமும் பாப்பாங்க. நிக்கல்காரர் உள்பக்கத்து ரிசீவரான ஸ்லாட் ரிசீவருக்கு எதிர்ல நிப்பார், அவருக்கு ரெண்டு பக்கமும் தெறந்த வெளி. இப்ப மூணு ரிசீவரை இறக்கறதுதான் வாடிக்கைங்கறதால அஞ்சாவது டிஃபென்சிவ் பேக்கான (பின்வரிசைக் காப்பாளர்) அவர் ஏறக்குறைய முழுநேர ஆட்டக்காரர். 12-வதுல 72 கிலோ, டிராஃப்ட் நேரத்துல 84-86 கிலோன்னு வெச்சா நம்பலாம். அந்த எடை நாலு வருஷத்துல மெதுவா ஏறணும். ஒரே கோடை லீவுல 12 கிலோ ஏத்துனீங்கன்னா கால் வேகம் செத்துரும், தொடைத் தசை பிடிச்சுக்கும்.

கபடிக்கு வர்றேன். அப்பா சொல்லிக் குடுக்கறதுல மூணு அப்படியே செல்லும். ஒண்ணு, பாடி வர்றவன் மொகத்தையும் கையையும் பாக்காம இடுப்பைப் பாக்கறது. தலையும் தோளும் பொய் சொல்லும், இடுப்பு போற பக்கம்தான் ஆளு போவான். ரெண்டு, டேஷ். கபடியில ரெய்டரைக் கோட்டுக்கு வெளிய தள்ளுனாலே அவுட். இங்கயும் பந்து வெச்சிருக்கறவன் பக்கக் கோட்டை மிதிச்சுட்டா ஆட்டம் நின்னுரும். அதனால நல்ல டிஃபெண்டர் உள்பக்கத்தை அடைச்சு ஆளைக் கோட்டுப் பக்கம் ஓட்டிட்டுப் போவார். மூணு, தை ஹோல்டு. தொடையை ரெண்டு கையாலயும் சுத்திக் கட்டி இழுத்துக்கறது இங்கயும் சுத்தமான டேக்கிள்.

செல்லாதது ஆங்கிள் ஹோல்டு, அதாவது கணுக்கால் பிடி. கபடியில ரெய்டர் நின்னு நெதானிச்சு, திரும்பற நொடியில கார்னர் கணுக்காலுக்குப் பாய்வார். இங்க எதிராளி முழு வேகத்துல வர்றான். எதிர்ல இருந்து கணுக்காலுக்கு விழுந்தா அவன் தாண்டிப் போயிருவான், இல்லீன்னா முழங்கால் உங்க தலையில இடிக்கும். கதிர்வேல் 7-ம் வகுப்புல இந்தப் பழக்கத்தாலயே ஆளைத் தவறவிடட்டும், கோச் அதை மாத்தட்டும். அப்பாவோட வித்தை பூரா ஜெயிச்சாலும் பொய், பூரா தோத்தாலும் பொய்.

டேக்கிள் எழுதறப்ப வரிசை இதுதான்: ஓடிப் போயி எட்டற தூரத்துக்கு வந்ததும் அடியைச் சின்னதாக்கி இடுப்பை இறக்கணும். எந்தத் தோள்ல இடிக்கறோமோ அந்தப் பக்கத்துக் காலை அவன் பக்கத்துல ஊணணும். கண்ணு மேல, தலை அவனோட ஒடம்புக்கு வெளிப்பக்கம். தோள் தொடையில பட்டதும் ரெண்டு கையும் சுத்திக் கட்டணும், அதுக்கப்புறமும் கால் ஓடிட்டே இருக்கோணும். பெரும்பாலும் கெட்டுப் போறது ரெண்டு எடத்துல. காலை தூரத்துல ஊணிட்டுக் கையை மட்டும் நீட்டுனா ஆளு நழுவிருவான். தலையைக் குனிஞ்சு உச்சியால முட்டுனா கழுத்தெலும்பு முறியற ஆபத்து முட்டறவனுக்குத்தான் அதிகம். அந்த மாதிரி முட்டி ஜெயிக்கற காட்சி வேண்டவே வேண்டாங்க. காலேஜ்ல 2013-ல இருந்து அதுக்கு வெளியேத்தம், கதிர் ஆடற வருஷங்கள்ல ரெண்டாம் பாதியில பண்ணுனா அடுத்த ஆட்டத்துல மொதப் பாதியும் போச்சு. அடிபட்டு மயங்குனவன் எந்திரிச்சு வந்து ஆட்டத்தை முடிக்கறதும் வேண்டாம். மூளை அதிர்ச்சின்னு சந்தேகம் வந்தாலே டெக்சாஸ் பள்ளி ஆட்டத்துல அன்னைக்குத் திரும்ப இறக்கக் கூடாது, டாக்டர் எழுதிக் குடுக்கோணும்.

பெரிய மோதலை வெச்சு டிஃபெண்டரை உயர்த்தாதீங்க. அவன் உயர்றது காலாலயும் கண்ணாலயும். ஒரு காட்சி சொல்றேன், வேணும்னா எடுத்துக்கோங்க. மூணாவது டவுன், அதாவது 10 கெஜம் முன்னேறக் கெடைக்கற நாலு முயற்சியில மூணாவது, இன்னும் 7 கெஜம் வேணும். ஸ்லாட் ரிசீவருக்கு எதிர்ல 6 கெஜம் தள்ளி, அரை அடி உள்பக்கமா நிக்கறான் கதிர். பந்து ஸ்நாப் ஆகி ஆட்டம் தொடங்குனதும் பின்பக்கமா ஓட்டம், மார்பு முட்டிக்கு மேல, குதிகால் தரையில படாம. ரிசீவர் நேரா வர்றான். 5 கெஜத்துல தலையை உள்ளுக்கு வெட்டறான், இடுப்பு அசையல, கதிரும் அசையல. 8 கெஜத்துல இடுப்பு இறங்குது, அடி சின்னதாகுது, கை பின்னால போகுது. வெளிய திரும்பப் போறான். கதிர் உள்பக்கக் காலைக் குத்தி, ஒரு அடி கூடப் பின்னால வெக்காம, பந்து வந்து சேர்ற எடத்துக்கு நேர்கோடு போடறான். ஒரு கை ரிசீவரோட ரெண்டு கைக்கும் நடுவுல பூந்து பந்தைத் தட்டுது, இன்னொரு கை முதுகைச் சுத்திப் பிடிச்சிருக்குது, பந்து தப்புனாலும் ஆளு தப்பக் கூடாதுன்னு. மொத்தமே மூணு வினாடிக்குப் பக்கம்.

இதே காட்சி தோக்கணும்னா அவன் பந்தை எறியற குவார்ட்டர்பேக்கை எட்டிப் பாக்கட்டும். ஆளுக்கு ஆள் காக்கறப்ப கண்ணு பின்னால போச்சுன்னா ரிசீவர் வெளிய திரும்பற மாதிரி காட்டிட்டு நேரா ஓடிருவான், டச்டவுன்.

காலேஜ்ல இருந்து என்எஃப்எல் போறப்ப கை வைக்கற விதி மாறும், இது அவனைத் திணறடிக்கலாம். என்எஃப்எல்ல 5 கெஜத்துக்கு மேல ரிசீவரைத் தொட்டு மறிச்சா 5 கெஜம் தண்டனை, மொத டவுனும் எதிராளிக்கு. காலேஜ்ல அந்த 5 கெஜக் கோடே கிடையாது. பந்து காத்துல இருக்கறப்ப இடைஞ்சல் பண்ணுனா காலேஜ்ல அதிகபட்சம் 15 கெஜம், என்எஃப்எல்ல தப்பு நடந்த எடத்துக்கே பந்து போயிரும். 40 கெஜமா இருந்தாலும் அப்படித்தான்.

நொய்யல்கரை:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்கண்ணா. வாக்-ஆன் கதையை அப்படியே எடுத்துக்கறேன். ஆனா சொந்தக் காசுல படிக்கறவனுக்கு இப்ப வர்ற விளம்பரப் பணம் கைகுடுக்காதுங்களா? 2021-ல இருந்து காலேஜ் ஆட்டக்காரங்க வாங்கலாம்னு படிச்சேன். அப்புறம் டிராஃப்ட் மேடை சரியா வருமா?

அவிநாசி_ரோடு:

பணத்துக்கு முன்னாடி விசாவைப் பாருங்க. ஊர்ல பொறந்து 7 வயசுல போனவன் எச்-4, அதாவது எச்-1பிக்காரர் குடும்பத்துக்கான விசா. அது 21 வயசு வரைக்கும்தான், அதாவது 2024 ஜனவரி. இந்தியாவுல பொறந்தவங்களுக்கு கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம்னு உங்களுக்கே தெரியும், அப்பாவோட விண்ணப்பம் அதுக்குள்ள முடியாதுன்னு தாராளமா எழுதலாம். 21 ஆகறதுக்கு முன்னால மாணவர் விசாவான எஃப்-1க்கு மாத்தியாகணும். 2021 ஜூலை 1-ல இருந்து பேரையும் படத்தையும் வெச்சுச் சம்பாதிக்க காலேஜ் விளையாட்டு அமைப்பான என்சிஏஏ விட்டுருச்சுங்கறது சரி. ஆனா எச்-4லயும் எஃப்-1லயும் இருக்கற பையன் அமெரிக்காவுல விளம்பரத்துக்கு வேலை செஞ்சு காசு வாங்குனா அனுமதியில்லாத வேலைன்னு ஆகி, விசாவே போற ஆபத்து உண்டு. பக்கத்து லாக்கர்காரன் கார் வாங்கறான், இவன் பழைய சைக்கிள்ல வர்றான். தங்கச்சி அங்க போய்ப் பொறந்தவளா இருந்தா அவ குடியுரிமைக்காரி, ஒரே வீட்டுக்குள்ள இந்த வித்தியாசம். என்எஃப்எல் டீம் எடுத்துட்டா டீமே பி-1ஏ விசாவுக்கு விண்ணப்பிக்கும், அதுல சிக்கல் குறைவு.

பவானி_கூடுதுறை:

மேடை வேண்டாமுங்க தம்பி. நேர்ல கூப்பிடறது மொத ரவுண்டுல போவான்னு எதிர்பாக்கற கொஞ்சம் பேரைத்தான். 2025 டிராஃப்ட் ஏப்ரல் 24-26, கிரீன் பே-ல. வியாழன் மொத ரவுண்டு, வெள்ளி ரெண்டும் மூணும், சனிக்கிழமை நாலுல இருந்து ஏழு. மொத்தம் 257 பேர். வாக்-ஆனா வந்தவன் சனிக்கிழமை ஃபிரிஸ்கோ வீட்டு சோபாவுல ஃபோனோட உக்காந்திருக்கோணும். அங்க மத்தியானத்துக்கு முன்ன தொடங்கறது நம்மூர்ல ராத்திரி ஒம்பதரை, ஏழாவது ரவுண்டு முடியறப்ப ஞாயித்துக்கிழமை விடிகாலை. பெருந்துறையில பாட்டி முழிச்சிருக்கலாம்.

அதுக்கு முன்னால பிப்ரவரி கடைசியில இண்டியானாபொலிஸ்ல கம்பைன்ங்கற சோதனை முகாம், 300-க்குச் சொச்சம் பேரைத்தான் கூப்பிடுவாங்க. அழைப்பு வரலேன்னா மார்ச்சுல சொந்தக் காலேஜ்லயே புரோ டே. சோதனைக ஒண்ணேதான்: 40 கெஜ ஓட்டம், 225 பவுண்டு, அதாவது 102 கிலோ பெஞ்ச் பிரஸ் எத்தனை தடவைன்னு, நின்ன எடத்துல குதி, நீளக் குதி, மூணு கூம்பு ஓட்டம், 20 கெஜ ஷட்டில். நிக்கல் கார்னருக்கு கடைசி ரெண்டையும்தான் உத்துப் பாப்பாங்க, திரும்பற வேகம் அதுலதான் தெரியும். 40 கெஜத்துக்கு 4.50-க்குப் பக்கம் குடுங்க, 4.3 குடுத்துட்டா அப்புறம் அவன் டிராஃப்ட் ஆகாததுக்குக் காரணம் சொல்ல முடியாது.

ஆமா, டிராஃப்ட் ஆகாமயே விடுங்க. ஏழாவது ரவுண்டு முடிஞ்ச நிமிஷத்துலயே ஏஜெண்ட் ஃபோன் அடிக்கும். ரெண்டு மூணு டீம் கேட்டா, காசு கூடக் குடுக்கறதைப் பாக்காம நிக்கல் இடத்துல ஆள் கம்மியா இருக்கற டீமாப் பாத்துச் சேர்றதுதான் புத்தி. கோடை முகாம்ல 90 பேர், ஆகஸ்ட் கடைசியில 53. வெட்டுனா மத்த 31 டீமுக்கும் ஒரு நாள் அவகாசம், யாரும் எடுக்கலேன்னா பழைய டீமோட பிராக்டிஸ் ஸ்குவாடுல சேரலாம், அங்க 16 இடம். அங்கிருந்து ஆட்ட நாளுக்கு ஒருத்தரை ஒரு சீசன்ல 3 தடவை மேல ஏத்தலாம்.

மொத ஆட்டத்துலயே அவனை நிக்கல்ல நிறுத்தாதீங்க, பந்தை உதைக்கற ஆட்டங்களுக்கு இறங்கற ஸ்பெஷல் டீம்ல இறக்குங்க. கிக்-ஆஃப் எழுதறதா இருந்தா பழைய வீடியோ பாத்து எழுத வேண்டாம், 2024-ல அமைப்பே மாறிருச்சு. உதைக்கற டீமோட 10 பேர் எதிராளியோட 40 கெஜக் கோட்டுல நிப்பாங்க, பந்து விழற வரைக்கும் அல்லது ஆள் மேல படற வரைக்கும் நகரக் கூடாது. அதை விட பன்ட்ல, அதாவது பந்தை எதிராளிக்கு உதைச்சு விடறப்ப, கன்னரா விடுங்க. ஓரத்துல தனியா நின்னு, மறிக்க வர்ற ரெண்டு பேரைத் தாண்டி 40-45 கெஜம் ஓடி, பந்தைப் பிடிக்கறவன் கையை உயர்த்திக் காட்டாம ஓட எத்தனிச்சா அந்த எடத்துலயே அவனைக் கட்டணும். சென்னிமலையார் சொன்ன தை ஹோல்டுக்கு அதுதான் எடம்.