சூப்பர்பேர்டுக்குக் கீழே சார்ஜர் சேஸிஸ்: "அப்படியே உட்காருமா?"

உப்புத்தாள்:
நேற்று ஹெமி426 எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ரெவெல் கம்பெனியின் 1968 டாட்ஜ் சார்ஜர் பிளாஸ்டிக் மாடல் கிட்டிலிருந்து சேஸிஸை (அடித்தட்டை) எடுத்து, ஜோ-ஹான் கம்பெனியின் 1970 பிளிமத் சூப்பர்பேர்ட் மாடல் பாடிக்குக் கீழே வைத்தால் "அப்படியே உட்காரும், எல்லாம் ஒரே பி-பாடிதானே" என்கிறார். (பி-பாடி என்பது டாட்ஜும் பிளிமத்தும் பகிர்ந்துகொண்ட கிரைஸ்லர் வண்டி அமைப்பு.) புதிதாக வருகிறவர்கள் இதை நம்பி ரம்பத்தை எடுத்தால் என்ன ஆகும்? ஜோ-ஹான் பாடி கெட்டுப்போனால் இன்னொன்றுக்கு எங்கே போவது?

சார்ஜரின் வீல்பேஸ், அதாவது முன் பின் சக்கர மையங்களின் இடைவெளி, 117 அங்குலம். பிளிமத் ரோடு ரன்னருக்கு 116. ரோடு ரன்னரிலிருந்து வந்த சூப்பர்பேர்டுக்கும் அதே 116. 1/25 அளவில் (நிஜ வண்டியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு) சார்ஜருக்கு 118.9 மி.மீ., சூப்பர்பேர்டுக்கு 117.9 மி.மீ. ஒரு மில்லிமீட்டர் இடிக்கும். அப்படியே உட்காராது.

ஹெமி426:
ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு தனி இழையா அண்ணே? நான் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். உட்கார்ந்தது. வண்டி என் அலமாரியில் நிற்கிறது.

பழைய கிட்களின் அடித்தட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சைலன்சர் குழாய் தரையோடு ஒட்டியே வார்த்திருக்கும், என்ஜினின் எண்ணெய்த் தொட்டியில் ஓட்டை போட்டு இரும்புக் கம்பியை ஆக்சிலாக நுழைத்திருப்பார்கள். அதோடு ஒப்பிட்டால் ரெவெல் சேஸிஸ் எங்கேயோ இருக்கிறது. டார்ஷன் பார் (முன் சக்கரத்தின் முறுக்குக் கம்பி) தனியாக, லீஃப் ஸ்பிரிங் (பின் சக்கரத்தின் பட்டை வில்) தனியாகத் தெரிகிறது. அதற்காக ஒரு மில்லிமீட்டரைப் பொறுத்துக்கொள்ளலாம்.

உப்புத்தாள்:
"பொறுத்துக்கொள்ளலாம்" வேறு, "அப்படியே உட்காரும்" வேறு. நேற்று எழுதியது இரண்டாவது.

ரெவெல் சேஸிஸ் நல்ல சேஸிஸ் என்பதை இங்கே யாரும் மறுக்கவில்லை. 117, 116. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பழையபெட்டி:
இருவரும் கொஞ்சம் நில்லுங்கள். உட்காருவது என்று எதைச் சொல்கிறீர்கள்? பாடிக்குள் தட்டு நுழைவதையா, நான்கு சக்கரமும் வளைவின் நடுவில் வருவதையா? நிஜ பி-பாடியில் தனிச் சட்டமே கிடையாது, தரையும் பாடியும் சேர்த்து வெல்ட் செய்தவை. தனி ஃப்ரேம் உள்ள ஷெவர்லே ஷெவெல் கிட்டில் மாற்றுவது போல இதில் மாற்ற முடியாது. ஃபயர்வால் (என்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள சுவர்), ரேடியேட்டர் தாங்கி, உள் ஃபெண்டர் எல்லாம் எந்த உயரத்தில் நிற்கின்றன என்று பார்த்த பிறகுதான் மில்லிமீட்டர் பேச வேண்டும்.

ஹெமி426:
117, 116 என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்கிறவருக்கு ஒரு கேள்வி. நிஜ சூப்பர்பேர்டின் முன் ஃபெண்டரும் பானெட்டும் எந்த வண்டியுடையவை? 1970 டாட்ஜ் கோரோனெட்டுடையவை. கோரோனெட்டின் வீல்பேஸ் 117. பிளிமத் கம்பெனியே டாட்ஜ் பாகத்தைப் பூட்டி நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தயத்துக்கு அனுப்பியது. பந்தய வீரர் ரிச்சர்ட் பெட்டியே அதைத்தான் ஓட்டினார். அவர்களுக்கு உட்கார்ந்தது, உங்களுக்கு உட்காராதா?

உப்புத்தாள்:
நன்றி. என் வாதத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

கோரோனெட் ஃபெண்டரைப் பூட்டிய பிறகும் சூப்பர்பேர்டின் வீல்பேஸ் 116தான். அப்படியென்றால் அந்த ஓர் அங்குலம் முன்பக்கத்தில் இல்லை, பின்னால் இருக்கிறது. முன் சக்கரத்தைச் சரியாக வைத்தால் பின் சக்கரம் ஒரு மில்லிமீட்டர் பின்னால் போய் நிற்கும்.

சரி செய்ய வழி இருக்கிறது. லீஃப் ஸ்பிரிங்கின் முன் தாங்கிக்குச் சற்று முன்னால் தரையைக் குறுக்கே அறுக்க வேண்டும். ரம்பத்தின் பல்லே கொஞ்சம் தின்றுவிடும், மீதியை அரத்தால் ராவி, ஒட்டி, அடியில் பிளாஸ்டிக் பட்டை கொடுக்க வேண்டும். டிரைவ் ஷாஃப்டிலும் சைலன்சர் குழாயிலும் அதே அளவு குறைக்க வேண்டும். ஒரு மாலை நேர வேலை. நான் கேட்பது அவ்வளவுதான்.

ஹெமி426:
அந்த ஃபெண்டரைத் திருத்தித்தான் பூட்டினார்கள். அதை வைத்து அங்குலம் பின்னால் இருக்கிறது என்று எப்படிச் சொல்வீர்கள்? நீங்கள் கிட்டை அளக்கவில்லை, கம்பெனி விளம்பரத் தாளை அளக்கிறீர்கள். இரண்டு கிட்டும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு காலத்து அச்சு. ஒரு மில்லிமீட்டர் அதிலேயே போய்விடும்.

நாலாவதுகியர்:
எதற்கு இந்தப் பாடு? மோனோகிராம் கம்பெனியின் சூப்பர்பேர்ட் கிட்டின் சேஸிஸை எடுத்துப் போடுங்கள். அதுவும் சூப்பர்பேர்ட்தானே?

உப்புத்தாள்:
அது 1/24 தம்பி. 116 அங்குலம் அதில் 122.8 மி.மீ. ஒன்று அல்ல, ஐந்து மில்லிமீட்டர் நீளம் கூடும், அகலமும் இடிக்கும். பெட்டியின் பக்கவாட்டில் அளவு அச்சடித்திருக்கிறது, படித்துவிட்டு எழுதுங்கள்.

நாலாவதுகியர்:
கேள்வி கேட்டால் இப்படித்தான் விழுந்து பிடுங்குவீர்கள் என்று தெரியும். போன முறையும் இதே கதைதான். அதே கணக்கில் 1/24 ஷெவெல் சேஸிஸின் வீல்பேஸ் 118.5 மி.மீ. வருகிறது, அது உங்கள் 1/25 சார்ஜருக்குக் கிட்டத்தட்டச் சரியாகப் பொருந்துகிறதே. அதையும் போடலாமா?

உப்புத்தாள்:
எண் பொருந்தினால் ஷெவெல் ஃப்ரேமைச் சார்ஜருக்குக் கீழே வைத்துவிடுவீர்களா? பின்னால் காயில் ஸ்பிரிங், முன்னால் டார்ஷன் பாரே இல்லை. கீழே எட்டிப் பார்க்கிறவர் என்ன நினைப்பார்?

ஹெமி426:
இப்போது எண் முக்கியமில்லையா? இவ்வளவு நேரமும் எண்ணை வைத்துத்தான் என்னை அடித்தீர்கள்.

உப்புத்தாள்:
எண்ணும் முக்கியம், அமைப்பும் முக்கியம். உங்கள் வண்டியில் அமைப்பு சரி, எண் தவறு. 117, 116.

ஹெமி426:
உண்மையை எழுதிவிடுகிறேன். போன குழுப் போட்டியில் என் டாட்ஜ் சாலஞ்சர் மாடலுக்கு மதிப்பெண் குறைத்தது நீங்கள்தான். 'பிளிமத் பாரகுடா சேஸிஸ் போட்டிருக்கிறார், பின் சக்கரம் முன்னால் நிற்கிறது' என்று எல்லோர் முன்னாலும் எழுதினீர்கள். அந்தக் கோபத்தில் நான் எதை எழுதினாலும் ஸ்கேலைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள்.

உப்புத்தாள்:
கோபம் உங்களுக்குத்தான். பாரகுடா 108, சாலஞ்சர் 110. அங்கே இரண்டு மில்லிமீட்டர். படத்திலேயே தெரிந்தது. தெரிந்ததை எழுதாமல் "அருமை, அருமை" என்று போட வேண்டுமா? அப்படிப் போடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால்தான் ஒரே மாதிரித் தவறு திரும்பத் திரும்ப வருகிறது.

பழையபெட்டி:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அந்த ஜோ-ஹான் பாடிக்குள் ரெவெல் ஃபயர்வால் நிற்கிறதா, இல்லையா?

ஹெமி426:
பழையபெட்டி சாருக்கு: மேலே கொஞ்சம் ராவினேன்.

உப்புத்தாள்:
"அப்படியே உட்காரும்" என்றவர் ஃபயர்வாலை ராவியிருக்கிறார்! வேறு எங்கெல்லாம் ராவினீர்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள்.

ஹெமி426:
ஃபயர்வாலை ராவாமல் எந்த மாற்றம் நடந்திருக்கிறது? சேஸிஸைத்தான் அப்படியே என்றேன். சேஸிஸை அறுக்கவில்லை, ஒட்டவில்லை, பட்டை வைக்கவில்லை. அப்படியே உட்கார்ந்தது.

உப்புத்தாள்:
வெர்னியரை இரண்டு பக்கமும் வைத்துப் படம் போடுங்கள். வளைவின் முன் ஓரத்திலிருந்து டயர் வரை, பின் ஓரத்திலிருந்து டயர் வரை. இரண்டும் சமமாக இருந்தால் பேசலாம்.

ஹெமி426:
உங்களுக்குப் பரீட்சை எழுதிக் காட்ட நான் மாடல் செய்யவில்லை. படம் போட மாட்டேன். ஒரு மில்லிமீட்டர் யார் கண்ணுக்கும் தெரியாது.

உப்புத்தாள்:
தெரியும். சூப்பர்பேர்டின் பின் வளைவு சிறியது, டயரை ஒட்டியே வரும். அங்கே ஒரு மில்லிமீட்டர் கூடத் தெரியும். 117, 116. இனி யார் கேட்டாலும் இதையே சொல்வேன்.