பிளாற்றினம்/காபன்: எல்லை மின்னோட்டம் 4.6ஐத் தாண்டவில்லை

நிலாவெளி:
எங்கள் ஆய்வுகூடம் திருகோணமலையில் கடலோரமாக உள்ளது. ஒட்சிசன் தாழ்த்தலை அளக்கிறோம். ஊக்கி 20% பிளாற்றினம்/காபன் (காபன் தூளில் பதித்த பிளாற்றினம்), 5 மில்லிமீற்றர் கண்ணாடிக்காபன் சுழல்தட்டு, 0.1 மோலார் பேர்குளோரிக் அமிலம். ஒட்சிசன் நிரம்பிய கரைசலில், நிமிடத்துக்கு 1600 சுற்றில் எல்லை மின்னோட்டம் (ஒட்சிசன் வந்துசேரும் வேகம் மட்டுப்படுத்தும் உச்ச மின்னோட்டம்) சதுர சென்ரிமீற்றருக்கு 4.6 மில்லி அம்பியர்தான் வருகிறது. அரை அலை, அதாவது அதில் பாதி மின்னோட்டம் வரும் அழுத்தம், ஐதரசன் மின்வாய் அளவுக்கு மாற்றினால் 0.83 வோல்ற். றெபரன்ஸ் (அழுத்தத்தை ஒப்பிட்டு அளக்கும் மின்வாய்), நிரம்பிய பொற்றாசியம் குளோரைட்டுள்ள வெள்ளி/வெள்ளிக் குளோரைட்டு மின்வாய். உப்புக்காற்றா காரணம்?

கிண்ணியா:
இரண்டு வருத்தத்தை ஒன்றாக்க வேண்டாம். சிறிதளவு குளோரைட்டு அரை அலையைக் கீழே இழுக்கும். எல்லை மின்னோட்டத்தை அவ்வளவாக அசைக்காது. அது 5.7–6 வரவேண்டிய இடத்தில் 4.6 என்றால் படலம் சரியில்லை. உருப்பெருக்கியில் பாருங்கள்: விளிம்பில் கறுப்பு வளையம், நடுவில் வெறும் காபன் பளபளக்கும்.

தட்டில் பூசும் ஊக்கி மை இப்படி: 10 மில்லிகிராம் ஊக்கி, 4 மில்லிலீற்றர் நீர், 1 மில்லிலீற்றர் ஐசோபுரொப்பனோல், 5% நஃபியோன் (ஊக்கியைத் தட்டில் ஒட்டவைக்கும் பல்பகுதியம்) 20 மைக்ரோலீற்றர். நீரை முதலில் விடுங்கள்; உலர்ந்த ஊக்கியில் அல்ககோல் பட்டால் தீப்பற்றக்கூடும். பனிக்கட்டி போட்ட அல்ட்ராசொனிக் தொட்டியில் அரை மணிநேரம். தொட்டி சூடேறினால் துணிக்கைகள் திரளும். 0.05 மைக்ரோமீற்றர் அலுமினாவால் மினுக்கிய தட்டில் 10 மைக்ரோலீற்றர் விட்டால் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 20 மைக்ரோகிராம் பிளாற்றினம். சும்மா காயவிடாமல், தட்டை மேல்நோக்கித் திருப்பி 700 சுற்றில் சுழலவிட்டே காயவையுங்கள். மாரியில் ஈரக்காற்றில் மெதுவாகக் காயும்; வளையம் விழுவதும் அப்போதுதான் கூட.

படலம் சீராக இருந்தும் குறைந்தால் ஒட்சிசனைப் பாருங்கள். அரை மணிநேரம் குமிழவிட்டு, அளக்கும்போது கரைசலுக்கு மேலால் ஓடவிட வேண்டும்.

வோல்ற்றான்:
0.83க்கு நான் முதலில் பிடிப்பது காற்றை அல்ல, உங்கள் றெபரன்சை. அதன் நுண்டுளை முனையால் குளோரைட்டு கசிந்துகொண்டே இருக்கும். வெள்ளி நைத்திரேற்றில் கலங்கல் தெரியாத அளவே பிளாற்றினத்துக்குப் போதும். நைதரசனில் சுழல் வோல்ற்றளவியல் (அழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை வரைவது) எடுங்கள்: ஒட்சைட்டு தொடங்கும் இடம் வலப்பக்கம் தள்ளிப்போயிருந்தால் குளோரைட்டுத்தான். ஐதரசன் மின்வாய்க்கு மாறுங்கள். ஒருமுனை மூடிய கண்ணாடிக் குழாயில் அதே அமிலம், பிளாற்றினக் கம்பி, மின்பகுத்துச் சிறைப்பிடித்த ஐதரசன் குமிழி, அவ்வளவுதான்.

காற்றையும் முழுதாக விட்டுவிட முடியாது. கொதிநீரில் கழுவிய கண்ணாடிக் கலங்களைத் திறந்த தட்டில் காயவைக்காமல், 18.2 மெகாஓம் சென்ரிமீற்றர் தடைத்திறனுள்ள மிகத் தூய நீருக்குள்ளேயே அமிழ்த்தி வையுங்கள்.

கரைசல் தடைக்குத் திருத்தம் செய்தீர்களா?

நிலாவெளி:
இல்லை. அறை வெப்பநிலை 31 பாகை, அதுவும் பாதிக்குமா?

வோல்ற்றான்:
25 ஓம் என்று வைத்தால் அரை அலையில் 11 மில்லிவோல்ற் போய்விடும், திருத்துங்கள். 31 பாகையில் ஒட்சிசன் கரைவது குறையும், பரவுவது கூடும், ஓரளவு ஈடாகிவிடும். ஆனாலும் வெளியான எண்களோடு ஒப்பிடுவதென்றால் நீர்ச்சட்டைக் கலத்தில் 25க்கு இறக்கி அளவிடுங்கள்.