குடிபெயர்வு ஒப்பந்தப் பேச்சு: மேசையில் எந்தெந்தத் துறை உட்காரும்?

கேள்வி:
தொழிலாளர்களை அனுப்பவும் ஏற்கவும் இரு நாடுகள் ஒப்பந்தம் பேசும்போது வெளியுறவுத் துறை மட்டும்தான் பேசுமா? மற்ற துறைகளும் நாடாளுமன்றமும் எந்தக் கட்டத்தில் வரும்? ஐ.நா. பேச்சுகளிலும் இதே நடைமுறைதானா?

பதில் 1:
தலைமை பெரும்பாலும் வெளியுறவுத் துறைதான். ஆனால் ஷரத்துகளின் சரக்கு மற்றவர்களிடம் இருக்கிறது. விசாவும் எல்லையும் உள்துறை. சம்பளம், வேலை ஒப்பந்தப் படிவம், ஏஜென்ட் கட்டணம் தொழிலாளர் துறை. நர்ஸ்களின் சான்றிதழை ஏற்பது அந்தந்தத் தொழிற்கவுன்சில். அதனால் முதல் சுற்றுக்கு முன்பே எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாது என்று ஒவ்வொரு துறையிடமும் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். கவுன்சிலைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டால், விசா கிடைத்த நர்ஸ் அங்கே போய் உதவியாளர் வேலைதான் பார்ப்பார்.

இன்னொன்று: நாடுகள் உடன்படிக்கை செய்துகொள்ளும் முறைக்கு விதி வகுக்கும் 1969 வியன்னா உடன்படிக்கையின் 7ஆம் பிரிவுப்படி அரசுத் தலைவர், அரசாங்கத் தலைவர், வெளியுறவு அமைச்சர் ஆகியோருக்குத் தனி அதிகாரப் பத்திரம் (நாட்டின் சார்பில் கையெழுத்திட அனுமதிக்கும் ஆவணம்) தேவையில்லை. தொழிலாளர் அமைச்சர் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திடுவதென்றால் பொதுவாக அது வேண்டும். கடைசி வாரத்தில் தேடக் கூடாது.

பதில் 2:
இழுபறி அதிகம் திருப்பி ஏற்கும் ஷரத்தில்தான், அதாவது அங்கே தங்க உரிமை இல்லாத நம் ஆட்களை நாம் திரும்ப எடுத்துக்கொள்வதில். அந்த நபர் நம் குடிமகன்தான் என்று யார், எத்தனை நாளில் உறுதி செய்வது? காலாவதியான பாஸ்போர்ட் இருந்தால் ஒரு காலக்கெடு, வெறும் வாய்மொழி என்றால் நேர்காணலும் நீண்ட காலக்கெடுவும் எனப் பிரித்து எழுத வேண்டும். உள்ளூர் போலீஸ் விசாரணைக்கு உண்மையில் எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்காமல் தூதர்கள் குறுகிய கெடுவுக்கு ஒப்புக்கொண்டால், முதல் மாதத்திலேயே ஒப்பந்தம் மீறப்படும். பயணச் செலவு யாருடையது என்பதும் ஷரத்திலேயே இருக்கட்டும்.

பதில் 3:
ஐ.நா. பேச்சில் முன்வரிசையில் இருப்பது நியூயார்க்கில் உள்ள நிரந்தரத் தூதுக்குழுக்கள். 2018 உலகக் குடிபெயர்வு உடன்பாட்டை மெக்சிகோவும் சுவிட்சர்லாந்தும் வழிநடத்தின. பிப்ரவரி முதல் ஜூலை வரை ஆறு சுற்றுகள், முடிவில் 23 நோக்கங்கள். டிசம்பர் 19 அன்று பொதுச்சபையில் ஆதரவு 152, எதிர்ப்பு 5, நடுநிலை 12. பேச்சை நடத்திய சுவிட்சர்லாந்தே நடுநிலை வகித்தது. உள்நாட்டு நாடாளுமன்ற விவாதம் முடிந்திருக்கவில்லை. பெல்ஜியத்தில் இதே உடன்பாட்டால் ஒரு கட்சி கூட்டணி அரசிலிருந்து வெளியேறியது. இத்தனைக்கும் அது சட்டப்படி கட்டுப்படுத்தாத ஆவணம்! நாடாளுமன்றக் குழுவுக்கு முதல் வரைவு வரும்போதே தகவல் போக வேண்டும், கடைசி வரைவோடு அல்ல.

கேட்டவர்:
நன்றி. அப்படியானால் பொதுவாகச் சட்டப்படி கட்டுப்படுத்தாத புரிந்துணர்வு ஒப்பந்தமாகப் போட்டால் நாடாளுமன்றத் தொல்லை இல்லையே?

பதில் 1:
பல நாடுகள் அதற்காகவே அந்த வழியில் போகின்றன. ஆனால் சம்பளம் பிடித்துவைக்கப்பட்ட தொழிலாளி அதைக் காட்டி நீதிமன்றம் போவது கடினம். அப்படித்தான் போடுவது என்றால், ஒப்பந்தம் நடக்கிறதா என்று பார்க்கும் இரு நாட்டுக் கூட்டுக் குழுவை வெறும் பெயருக்கு எழுதாதீர்கள்: ஆண்டுக்கு எத்தனை கூட்டம், இரு தரப்பிலும் எந்தப் பதவியில் இருப்பவர், புகாருக்கு எத்தனை நாளில் பதில் என்பது வரை இருக்கட்டும். தொடக்க வரைவுக்கு, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949ஆம் ஆண்டு 86ஆம் பரிந்துரையின் இணைப்பில் ஒரு மாதிரி ஒப்பந்தமே இருக்கிறது.