கரண்ட் போனதும் விருமாண்டி கொலைகாரன் ஆகிவிட்டான்

முன்னும் பின்னுமாகக் கதை சொல்லும் குற்றப்படங்களை யாரோடு பார்த்தீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் 'விருமாண்டி'யை (2004) இங்கே ரங்கூனில் பெரியப்பா வீட்டுக் கூடத்தில், அக்கம்பக்கத்தாரோடு பார்த்தேன். ஒரே சம்பவத்தைச் சிறையில் இருக்கும் இருவர் சொல்கிறார்கள், முதலில் கொத்தாளத் தேவர், அப்புறம்தான் விருமாண்டி. கொத்தாளத் தேவர் சொல்லி முடித்த கையோடு கரண்ட் போய்விட்டது. எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள், நாங்கள் மட்டும் காத்திருந்து மீதியைப் பார்த்தோம். மறுநாள் காளி கோயிலில் பார்த்தால், "பொண்ணை இழுத்துட்டுப் போனவனைத் தூக்குல போடாம என்ன செய்வாங்க" என்கிறார்கள். இல்லை, அன்னலட்சுமி மனசார அவனோடு போனாள் என்று பெரியம்மா சொல்லச் சொல்ல, "நாங்கதான் கண்ணால பார்த்தோமே" என்று அடித்துப் பேசுகிறார்கள். அவர்கள் பார்த்தது கொத்தாளத் தேவரின் வாக்குமூலம். வாய்ச்சொல்லைப் படமாகக் காட்டிவிட்டால் அது நடந்ததாகவே மனதில் உட்கார்ந்துவிடுகிறது, பொய் சொல்பவனின் பேச்சை முதலில் வைத்ததில்தான் இந்தப் படத்தின் பலமே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

இதற்கு இன்னொருவரின் பதில்:

நான் அப்பத்தாவோடு 'அந்த நாள்' (1954) பார்த்தேன். பாட்டே கிடையாது, படம் தொடங்கியதுமே ராஜனாக வரும் சிவாஜி சுடப்பட்டுச் செத்துப்போகிறார், அப்பத்தாவுக்கு அதுவே தாங்கவில்லை. ஆனால் ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட 1943-இல் நடக்கும் கதை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார், 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தபோது இங்கே இருந்தவர் ஆயிற்றே. பக்கத்து வீட்டுச் சின்னையா ராஜனின் தம்பி பட்டாபியைச் சந்தேகப்படுகிறார், பட்டாபி தன் மனைவி ஹேமாவை, ஹேமா ராஜனின் காதலி அம்புஜத்தை, அம்புஜம் திரும்பச் சின்னையாவை. எல்லோரும் இதை ஜப்பானியப் படமான 'ரஷோமோன்' உடன் ஒப்பிடுவார்கள். அதில் ஒரே சம்பவத்தை ஆளாளுக்கு மாற்றிச் சொல்கிறார்கள், இங்கேயோ ஒவ்வொருவரும் ராஜனின் வேறு வேறு நாளைச் சொல்கிறார்கள், தம்பிக்குத் தெரிந்த ராஜன் அம்புஜத்துக்குத் தெரிந்தவன் இல்லை. பாதியிலேயே அப்பத்தா, "சுட்டது யாரா வேணா இருக்கட்டும், இவன் யாருன்னு முதல்ல சொல்லு" என்றார். கடைசித் திருப்பத்துக்காக மட்டும் காட்சிகளைக் கலைத்துப் போடும் படங்களை நான் இரண்டாம் முறை பார்ப்பதில்லை, இதை இன்னமும் பார்க்கிறேன்.