ஏற்காட்டில் டென்ட்: மழை இல்லாமலே உள்ளே தண்ணி சொட்டுது, எதை மாத்தறது?

சூரமங்கலத்தான்
டிசம்பர் கடைசியில ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட்ல, உரிமையாளர் அனுமதியோட ரெண்டு ராத்திரி தங்கறோம். பெரியவங்க ரெண்டு பேர், எட்டு வயசுப் பையன். கார்ல போறதால எடை பிரச்சினை இல்லைங்க. கையில இருக்கறது தானா விரியற ஒத்தைத் துணி டென்ட், நாலு பேருக்குன்னு போட்டிருக்கு. மழையே இல்லாத ராத்திரியிலும் விடியக்காலம் உள்கூரையில முத்து முத்தா தண்ணி, போர்வை ஓரமெல்லாம் ஈரம். கூட வந்த கம்பி முளையும் லேசா காத்தடிச்சாலே பிடுங்கிக்குது. 6,000 ரூபாய்க்குள்ள டென்டையே மாத்தறதா, ஸ்லீப்பிங் பேக் வாங்கறதா? அடுப்பும் வேணும்.

அடிவாரம்
டென்டை மாத்த வேண்டாங்க. முதல்ல ஒழுகுதா, வேர்க்குதான்னு பிரிச்சுப் பாருங்க. மொட்டை மாடியில விரிச்சு, உள்ள ஆள் இல்லாம, ஹோஸ் பைப்பால கால் மணி நேரம் மேல தண்ணி விடுங்க. அப்புறம் உள்பக்கம் கையால தடவிப் பாருங்க. தையல் ஓரம் மட்டும் ஈரம்னா தையல் ஒழுகுது. முழுக்கக் காஞ்சிருந்தா நீங்க பார்த்த தண்ணி உங்க மூச்சுதான். ஒரு ஆள் ராத்திரி முழுக்க மூச்சுலயும் வியர்வையிலயும் கால் லிட்டருக்குக் குறையாம ஈரம் விடுவார். தெளிஞ்ச வானத்துக்குக் கீழ நிக்கற துணி தன் சூட்டை மேல விட்டுட்டு, சுத்தி இருக்கற காத்தைவிடக் குளிர்ந்துபோகும். ஈரம் அதுல போய் ஒட்டிக்கும்.

12க்கு 15 அடி தார்ப்பாய் ஒண்ணு வாங்குங்க. ரெண்டு மரத்துக்கு நடுவுல கயிறு இழுத்து, டென்ட் உச்சிக்கு மேல ஒரு அடி இடைவெளி விட்டு, ரெண்டு பக்கமும் சரிவாக் கட்டுங்க. துணி வானத்தைப் பார்க்காது, அதனால அவ்வளவு குளிராது. அதைவிடப் பெரிய லாபம், மழை வந்தாலும் ஜன்னலைத் திறந்தே வைக்கலாம். எதிரெதிர்ப் பக்கம் ரெண்டும் நாலு விரல் திறந்திருக்கணும். குளிருதுன்னு எல்லா ஜிப்பையும் இழுத்து மூடினா 20,000 ரூபாய் டென்டும் நனையும்.

கயிறு கட்டறதுக்கு முன்னாடி நிமிர்ந்து பாருங்க. எஸ்டேட்ல நிழலுக்கு நிக்கற சில்வர் ஓக் கிளை சுலபமா முறியும். காஞ்ச கிளை தெரிஞ்சா வேற மரம் தேடுங்க. மிளகுக்கொடி ஏறின மரத்துல கயிறு போட்டா எஸ்டேட்காரர் உங்களை அடுத்த தடவை உள்ள விடமாட்டார்.

குகை
தையல் ஒழுகினால் பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சுக்கான சீம் சீலர் (தையல் துளையை அடைக்கும் பசை) வாங்கி, தையலின் உள்பக்கம் மெல்லிசாகத் தடவி ஒரு நாள் காயவிடவும். மலிவு டென்ட் துணி பெரும்பாலும் பி.யூ. பூச்சுதான். பாத்ரூமுக்கு அடிக்கும் சிலிக்கான் அதில் நிற்காது, உரிந்து வரும். அதன் மேல் வேறு பசையும் பிடிக்காது.

முளைக்கு இரும்புக் கடையில் 8 மி.மீ. கம்பி, பத்து அங்குல நீளத்தில் எட்டுத் துண்டு. ஒரு முனையைக் கொக்கியாக வளைத்து, மறுமுனையைக் கிரைண்டரில் கூர் தீட்டச் சொல்லவும். தலை டென்டுக்கு வெளிப்பக்கம் சாய்ந்திருக்குமாறு அடிக்க வேண்டும். நேராக அடித்தால் எஸ்டேட்டின் இளகின மண்ணில் கயிறு இழுக்க இழுக்க மேலே வந்துவிடும். சேர்வராயன் கோயில் பக்கம் மாதிரி பாறை தட்டும் இடத்தில் கம்பியோடு போராடாமல் பெரிய கல்லில் கட்டிவிடவும்.

அடியில் விரிக்கும் ஷீட் டென்ட் தரையைவிடச் சுற்றிலும் இரண்டு அங்குலம் சின்னதாக இருக்கட்டும். வெளியே நீட்டினால் மழைத்தண்ணீரைப் பிடித்து டென்டுக்கு அடியில் கொண்டுவிடும்.

சூரமங்கலத்தான்
ஹோஸ் வெச்சுப் பார்த்தாச்சு, உள்ள ஒரு சொட்டு இல்ல. அப்போ மிச்சக் காசுக்கு மூணு ஸ்லீப்பிங் பேக்கா? காத்தடிக்கற மெத்தை வீட்ல இருக்கு.

அம்மாபேட்டை
மூணு பேக் வேண்டாம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், சேலம் 300 மீட்டருக்குக் கீழ. 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும்னு வெச்சா, ஊரைவிட எட்டு டிகிரி குளிர். டிசம்பர் ராத்திரி 12 டிகிரி பக்கம் எதிர்பாருங்க. வீட்ல இருக்கற கம்பளி ஆளுக்கு ரெண்டு போதும்.

குளிர் வர்றது கீழ இருந்து. படுத்தா அடியில இருக்கற பஞ்சு நசுங்கிடும், எவ்வளவு விலை பேக்கா இருந்தாலும் அந்தப் பக்கம் சூடு நிக்காது. காத்து மெத்தை இன்னும் மோசம். உள்ள இருக்கற காத்து சுத்திச் சுத்தி உங்க சூட்டைத் தரைக்கு இறக்கும். பேக்கிங் சாமான் கடையில ஈ.பி.ஈ. ஃபோம் ஷீட் (சாமான் உடையாம சுத்தற நுரை ஷீட்) 10 மி.மீ. கனத்துல வாங்கி, அடியில கோரைப்பாய், மேல ஃபோம், அதுக்கு மேல ஜமுக்காளம். பையனுக்கு ஃபோமை ரெண்டு மடிப்பாப் போடுங்க.

பின்னாடி பேக் வாங்கினா "கம்ஃபர்ட்" எண், அதாவது நிம்மதியாத் தூங்கற குளிர் அளவு, 10 டிகிரியா இருக்கான்னு பாருங்க. மலிவு பேக்ல பெரிசா அச்சடிக்கறது பல நேரம் "எக்ஸ்ட்ரீம்" எண். அது உயிர் தப்பற அளவு, தூங்கற அளவு இல்ல.

அடிவாரம்
அடுப்புக்கு 220 கிராம் கேஸ் டப்பாவைப் பக்கத்துல படுக்க வெச்சுப் போடற கேசட் ஸ்டவ். முழுத் தீயில ஒரு டப்பா ஒன்றரை மணி நேரத்துக்குள்ள தீரும், மூணு டப்பா எடுத்துக்குங்க. வீட்டு தோசைக்கல்லை அதுல வைக்காதீங்க. அகலமான கல் சூட்டைத் திருப்பி டப்பா இருக்கற பக்கம் இறக்கும், டப்பா வெடிக்கலாம். எட்டு அங்குலத்துக்குள்ள பாத்திரம் வைங்க. காத்துக்கு மறைப்பு ஒரு பக்கம் மட்டும், சுத்தி மூடக்கூடாது. டென்டுக்குள்ள அடுப்பும் வேண்டாம், கரி நெருப்பும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

சூரமங்கலத்தான்
தம்பி டிரெயின்ல சேலம் வர்றான், டப்பாவை அவனே வாங்கிட்டு வரட்டுமா?

குகை
வேண்டாம். ரயிலில் கேஸ் கொண்டுவரத் தடை. சேலத்திலேயே வாங்கிக் காரில் வைக்கவும், ஆனால் வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட வேண்டாம்.

சாப்பாடு எல்லாம் இரவில் காருக்குள், கண்ணாடி ஏற்றி. வாழைப்பழ வாசனைக்கே குரங்கு டென்டைக் கிழிக்கும். எஸ்டேட்டுக்குள் காட்டெருமையும் நடமாடும். தார்ப்பாய்க் கயிறு ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துணி கட்டிவிடவும், இரவில் எழுந்து போகும் நீங்களும் தடுக்கி விழமாட்டீர்கள்.