பழைய பிரெஞ்சு சைக்கிள்ல பி.பி. (கிராங்கோட ஆக்சில் சுத்துற பாட்டம் பிராக்கெட்) ஆட்டம்: மாட்டிக்கிட்டவங்க வந்து சொல்லுங்க

காரைக்கால்காரன்:
பாரிஸ் பக்கத்துல ஒரு தெருச்சந்தையில 40 யூரோவுக்கு பெஜோ யூஓ-8 எடுத்தேன், கிராங்கைப் பிடிச்சு ஆட்டினா டொக் டொக்னு சத்தம், பால்ஸ் மாத்துனா சரியாயிடும்னு பிரிச்சேன். கிராங்கை ஆக்சிலோட பூட்டுற காட்டர் பின் ரெண்டும் வந்துருச்சு, பால்ஸ் உக்காருற இடப்பக்க கப்பும் வந்துருச்சு, வலப்பக்க கப்பு மட்டும் அசையவே இல்ல. எங்கப்பா ஊர்ல சைக்கிள் கடை வெச்சிருந்தவரு, வலப்பக்க கப்புக்கு தலைகீழ் மரை, கடிகாரம் சுத்துற பக்கம் திருப்புனாதான் கழலும்னு பத்து வயசுலயே எனக்கு அத்துப்படி, அட்லஸ் ஹெர்குலிஸ் எல்லாம் அப்படித்தானே. அதே நெனப்புல கடிகாரம் சுத்துற பக்கமே திருப்புனேன். எண்ணெய் ஊத்தி ராத்திரி பூரா விட்டு, காலைல ரெஞ்சு மேல ஒரு மீட்டர் பைப்பைச் சொருகி, மச்சானை ஃபிரேம் மேல உக்கார வெச்சு அழுத்துனா ஒரு நூல் அளவுக்கு நகந்துச்சு. "வருதுடா வருதுடா"ன்னு ரெண்டு பேரும் கத்துறோம். வரல சாமி, இறுகுது! பிரெஞ்சு மரைல ரெண்டு பக்கமும் நேர் மரைதான்னு மறுநாள்தான் தெரிஞ்சுது. ரெண்டு மணி நேரமா அதை நானே இறுக்கிட்டு இருந்திருக்கேன். அந்த ஒரு நூலுக்கு ரெண்டு பேரும் கை தட்டிக்கிட்டோம் பாருங்க, அதுதான் இன்னும் மனசுக்குள்ள குடையுது. அப்பாகிட்ட இதுவரைக்கும் சொல்லல.

லியோன் பெடியன்:
உங்களுக்கு கழராத வியாதி, எனக்கு கழருற வியாதி. என்ரை மோட்டோபெக்கான். க்ருவா-ரூஸ் ஏத்தத்தில எழும்பி நிண்டு மிதிச்சுக்கொண்டு போகேக்க செயின் வீல் அங்கயும் இங்கயும் ஆடி முன் கியர் மாத்திற தகட்டில உரசத் தொடங்கிட்டுது. இறங்கி வடிவாப் பாக்கிறன், ஒண்டும் விளங்கேல்லை. பாண் வாங்கிக்கொண்டு போன ஒரு கிழவர் நிண்டார், பாணை கக்கத்துக்குள்ள வச்சுக்கொண்டு குனிஞ்சு, செயின் வீலுக்குப் பின்னால ரெண்டு விரலை விட்டு கப்பை மணிக்கூடு சுத்திற பக்கம் திருப்பினார். சாவி ஒண்டும் இல்லை, வெறும் ரெண்டு விரல்! அரை வட்டம் உள்ள போச்சுது. பிறகு கையை என்ரை சீற்றிலயே துடைச்சுப்போட்டு போட்டார். அந்தக் கப்பை நம்பித்தானே ஆறு மாசமா பள்ளத்தில கையை விட்டிட்டு வந்தனான் எண்டு நினைக்க வயித்தைக் கலக்கிச்சுது.

மரைப்பைத்தியம்:
@லியோன் பெடியன், மோட்டோபெக்கான்னா அது பிரெஞ்சு மரையாவே இருக்காதுங்க. எழுபதுகளோட பின்பாதியில வந்ததுல நெறைய சுவிஸ் மரை, பெஜோவும் அப்புறமா அதுக்குத்தான் போச்சு. அளவு ஒண்ணுதான், 35 மி.மீ. கப்பு, 1 மி.மீ. மரை, ஆனா சுவிஸ்ல வலப்பக்கம் தலைகீழ். காரணம் என்னன்னா, வலப்பக்கத்துலேர்ந்து பாத்தா ஆக்சில் கடிகாரம் சுத்துற பக்கம் சுத்துது, உருளுற பால்ஸ் கப்பை அதுக்கு எதிர்ப்பக்கமா கொஞ்சங்கொஞ்சமா தள்ளிக்கிட்டே இருக்கும். தலைகீழ் மரைன்னா அதுல இறுகும், நேர் மரைன்னா கழண்டுரும். இத்தாலிக்காரனுக்கும் இதே தலைவலிதான், அவனோடது 36 மி.மீ., ரெண்டு பக்கமும் நேர் மரை. நேர் மரைக் கப்பை இறுக்குறதுக்கு கப்பு ரெஞ்சே வேணாம், அமெரிக்க சைக்கிள் மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் எழுதி வெச்ச போல்ட் வித்தை இருக்கு: 16 மி.மீ. போல்ட்டை உள்பக்கத்துலேர்ந்து கப்பு ஓட்டை வழியா விட்டு, வெளிய வாஷரும் நட்டும் போட்டு, போல்ட் தலையைப் பிடிச்சுக்கிட்டு நட்டைத் திருப்புங்க, கப்பைக் கவ்வுனதும் தலையை விட்டுருங்க, நட்டோட சேந்து கப்பும் இறுகும். கழட்டணும்னா நட்டைத் தொடாதீங்க, இடப்பக்கத்துலேர்ந்து நீள சாக்கெட் விட்டு போல்ட் தலையை இறுக்குற மாதிரியே திருப்பணும், அந்தப் பக்கத்துலேர்ந்து பாக்குறப்போ இறுக்குறதுதான் இந்தப் பக்கம் கழட்டுறது. மரையை சுத்தமா தொடச்சிட்டு லாக்டைட் (மரை கழலாம பிடிக்கிற பசை) போடுங்க. காரைக்கால்காரன், காட்டர் பின் புதுசு வாங்குறப்போ 9 மி.மீ. கேளுங்க, இங்கிலீஷ் வண்டியோட 9.5 நுழையாது, ராவிட்டு உக்காராதீங்க. என் அனுபவம் கேட்டா ஒரு தடவை ரெஞ்சு வழுக்கி விரல் முட்டி பேந்துச்சு, அவ்ளோதான்.

லியோன் பெடியன்:
அண்ணை, நான் எழுதினதை வாசிச்சனீங்களோ? கிழவர் மணிக்கூடு சுத்திற பக்கம் திருப்ப அது உள்ள போனது எண்டுதானே எழுதினனான். சுவிஸ் எண்டால் வெளியில எல்லோ வந்திருக்கும். வீட்டை வந்து கழட்டியும் பாத்தன், ரெண்டும் நேர் மரைதான். கப்பை விக்கிறவர் மாதிரி கதைக்கிறியள்.

மரைப்பைத்தியம்:
சரி, அது பழைய மாடலா இருக்கும். லாக்டைட் போட்டீங்களா இல்லையா?

செவ்வந்தி:
நீங்க சண்டையை முடிங்க, என்னோடது ஜித்தான், அதுவும் பிரெஞ்சு வண்டிதான். இடப்பக்க கப்புல குழி விழுந்து கெடந்துச்சு, பிரெஞ்சு கப்பு கெடைக்கல, இங்கிலீஷ் கப்பு 34.8 மி.மீ. தானே, 0.2 மி.மீ. என்ன பண்ணிடப்போகுதுன்னு வாங்கிட்டேன். மூணு சுத்து வெண்ணெய் மாதிரி போச்சு. நாலாவது சுத்துல கொஞ்சம் கெட்டி, சரி புதுசு அப்படித்தான் இருக்கும்னு ரெஞ்சைப் போட்டேன். இங்கிலீஷ்காரன் மரைக்கணக்கு அங்குலத்துக்கு 24, பிரெஞ்சுக்காரனோடது 1 மி.மீ., ரெண்டும் ஒத்துப்போற மாதிரியே ஆரம்பத்துல ஏமாத்துது. மறுபடி கழட்டுனப்போ கப்போட சேந்து பளபளன்னு ஒரு கம்பிச் சுருள் வந்துச்சு, தேங்காய்ப்பூ மாதிரி சன்னமா. இது எந்த ஸ்பிரிங்குன்னு கையில வெச்சுப் பாத்துட்டே இருந்தேன். ஃபிரேமோட மரைங்க அது. வண்டி இப்போ கீழ்த்தளத்து அறைல ஆணியில தொங்குது, சுருளைத் தூக்கிப்போட மனசு வரல, ஊசி டப்பாவுலயே கெடக்குது.